கூட்டமில்லாத நாள் எது?

இந்த வாரம் இரண்டு கடிதங்கள்.

ஒன்று, பெங்களூரில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் எழுதியது. அலைச்சறுக்கு, அதாவது சர்ஃபிங், கற்றுக்கொள்ள ஆசையாம். 'பர்ஸ் அவ்வளவு கனமில்லை சார். எந்த மாசம், எந்த பீச்சுக்குப் போனால் செலவு குறையும்?' என்று கேட்கிறார். இன்னொன்று மயிலாப்பூரிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். 'கிரிவலம் போக வேண்டும் என்று பல வருடங்களாக எண்ணம். பௌர்ணமிக் கூட்டத்தை டி.வி.யில் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது. கூட்டமில்லாமல், செலவும் கையைக் கடிக்காமல் திருவண்ணாமலைக்குப் போய்வர எந்த நாள் தோது?'

ஒருவருக்குக் கடல், ஒருவருக்கு மலை. வயதில் நாற்பது வருட வித்தியாசம் இருக்கும். ஆனால் கேள்வி ஒன்றுதான்: எப்போது போனால் மலிவு? இதற்குப் போய் ஒரு கட்டுரையா, பஸ் டைம்டேபிளையும் லாட்ஜ் வாடகையையும் பார்த்துச் சொன்னால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். கணக்குப் போட ஆரம்பித்தால் அது வேறு எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி யாருக்கு இருக்கிறது? நமக்குக் கிடைக்கும் மலிவுக்கு மீதிக் காசை யார் கட்டுகிறார்கள்?

முதலில் கடலை முடித்துவிடுவோம். அது சுலபம்.

அலைச்சறுக்குக்கு வேண்டிய அலை உள்ளூர்ச் சரக்கு இல்லை. எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்துமாக் கடலின் அடிவாரத்தில் புயல் அடிக்கும். அதில் எழும்பிய நீர் நாள்கணக்கில் பயணம் செய்து, வழியில் ஒழுங்காகி, வரிசை கட்டி நம் கரைக்கு வந்து சேரும். அதனால் அலைக்கு சீசன் உண்டு. சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை நல்ல அலை. அக்டோபர் வந்தால் வடகிழக்குப் பருவமழை, காற்றழுத்தத் தாழ்வு, மீனவர்களுக்கே எச்சரிக்கைக் கூண்டு. அந்த நேரத்தில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் தண்ணீர்ப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம். கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி இருக்கிறது. மீனவக் குப்பத்துப் பையன்கள்தான் வாத்தியார்கள். வெயில் ஏறி கடற்காற்று கிளம்புவதற்கு முன்பு, விடியற்காலையில் போய்விட வேண்டும். சனி, ஞாயிறு வேண்டாம். தம்பி, உங்களுக்கு இதுதான் மலிவு.

இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலுக்குப் பக்கத்தில் அறுகம்குடா இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் உலகம் முழுவதிலிருந்தும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிற இடம். அங்கேயும் சித்திரை, வைகாசியில் ஆரம்பித்து ஐப்பசிக்குள் சீசன் முடிந்துவிடும். டிசம்பரில் போனால் அறை வாடகை அடிமாட்டு விலைக்குக் கிடைக்கலாம். அறை இருக்கும், மழை இருக்கும், அலை இருக்காது. பி.காம். முதல் வருடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சரக்கு இல்லாத கடையில் வாடகை குறைவாகத்தான் இருக்கும்.

ஆக, கடல் விஷயத்தில் சூத்திரம் எளிது. கூட்டம் வரும்போது விலை ஏறும், கூட்டம் போனால் இறங்கும். கொடைக்கானல், ஊட்டி, துபாய் எல்லாவற்றுக்கும் இதே சூத்திரம்தான். பெரியவரும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். கூட்டமில்லாத நாளில் போனால் நிம்மதியும் கிடைக்கும், காசும் மிச்சம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

திருவண்ணாமலையில் இந்தச் சூத்திரம் தலைகீழாகிறது.

ஒரு சாதாரண புதன்கிழமை போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பஸ். போய்ச் சேரும்போது வெயில் உச்சியில் நிற்கும். மலையும் பாறை, ரோடும் தார். செருப்பில்லாமல் நடப்பதுதான் வழக்கம் என்பதால் பகலில் பதினான்கு கிலோமீட்டர் நடக்க முடியாது. ஆகவே ஒரு லாட்ஜ். குளித்து, சாப்பிட்டு, படுத்து, சாயங்காலம் கிளம்பி நாலைந்து மணி நேரம் நடக்க வேண்டும். திரும்பி வந்தால் கால் இரண்டும் தனித்தனியாகப் பேசும். அந்த ராத்திரியும் அறை வேண்டும். நடுவில் ஆட்டோ, மூன்று வேளை ஓட்டல். நிம்மதி கிடைத்தது, வாஸ்தவம். பில்லும் கிடைத்தது.

இப்போது பௌர்ணமிக்கு வருகிறவரின் கணக்கைப் பாருங்கள். வேலை முடிந்து சாயங்காலம் பஸ் ஏறுகிறார். அன்றைக்கென்று சிறப்பு பஸ் விடுகிறார்கள். சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிய ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டித்தபோது டிக்கெட் 50 ரூபாய். ராத்திரி இறங்கினால் நேராக நடைதான். அறை எதற்கு? ராத்திரி முழுக்க நடக்கப் போகிறவருக்குக் கட்டில் தேவையில்லை. நிலா வெளிச்சத்தில் தார் ரோடு ஆறிப்போயிருக்கும். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து அக்னி, எமன், நிருதி என்று எட்டு லிங்கம். வழியில் யாராவது புளியோதரை கொடுப்பார்கள், யாராவது மோர் கொடுப்பார்கள், தொன்னையில் சுண்டல் வரும். கையில் காசிருந்தால் சுக்குக் காபி, மூலிகை சூப். கால் வலித்தால் திண்ணை கண்ட இடத்தில் உட்காரலாம். நிறைமாத கர்ப்பிணி போல மெதுவாக நடக்க வேண்டும் என்பது மரபு. கூட்டத்தில் வேறு எப்படியும் நடக்கவும் முடியாது. ஈசான்ய லிங்கத்துக்கு வரும்போது கிழக்கு வெளுக்கும். பஸ் ஏறினால் தூங்கிக்கொண்டே ஊர். பலருக்கு அப்படியே வேலைக்கு.

இந்தப் பயணத்துக்கு ஆன மொத்தச் செலவு, பெரியவரே, உங்கள் லாட்ஜ்காரர் வாங்கும் அட்வான்ஸைவிடக் குறைவு. கூட்டம் இருப்பதால்தான் பஸ் விடுகிறார்கள். கூட்டம் இருப்பதால்தான் அன்னதானம். நடுராத்திரியில் தனியாக ஒரு பெண்மணி பதினான்கு கிலோமீட்டர் நடந்து முடித்து பத்திரமாக வீடு திரும்புகிறார் என்றால், அதற்கும் காரணம் அந்தக் கூட்டம்தான். உங்களுக்கு மூச்சு முட்டுகிற அதே விஷயம்.

அந்தப் பெண்மணியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

'பௌர்ணமிக்கு ஏன் போகிறாய்? கூட்டத்தில் இடிபடுவதற்கா? சாமி என்ன புதன்கிழமை இருக்க மாட்டாரா?' என்று வீட்டுக்கு வீடு ஒரு விவரமான ஆசாமி கேட்பார். நியாயமான கேள்விதான். எந்தக் கிழமையில் மலையைச் சுற்றினாலும் ஒரு பலன் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். ரமணர் தன்னுடன் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு 1926 வரை மலையைச் சுற்றி வந்திருக்கிறார், பௌர்ணமி பார்த்துப் புறப்பட்டதாகத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய பௌர்ணமிக் கூட்டமே கடந்த முப்பது, நாற்பது வருடத்துச் சமாசாரம்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் யார் என்று கவனியுங்கள். புதன்கிழமை அவருக்குச் சொந்தம். லீவு போடலாம், பென்ஷன் வருகிறது, அல்லது சொந்தத் தொழில். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு எந்தப் புதன்கிழமை சொந்தம்? திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ்ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு? அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் வீட்டுக்கே வாருங்கள். ஓர் இல்லத்தரசி, 'வருகிற புதன்கிழமை நான் ஒருத்தியாக எங்கேயாவது போய்விட்டு வியாழக்கிழமை காலையில் வருகிறேன்' என்று சொன்னால் வீடு என்ன சொல்லும்? 'எதுக்கு?' என்பார் கணவர். மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார், அது இன்னும் மோசம். பையனுக்கு டெஸ்ட் இருக்கும். அடுத்த புதன்கிழமை பார்க்கலாம் என்று தீர்மானமாகும். அந்த அடுத்த புதன்கிழமை வரவே வராது.

அதே பெண் 'பௌர்ணமி, கிரிவலம்' என்று சொல்லட்டும். யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தேதியை அவள் வைக்கவில்லை, நிலா வைத்தது. காலண்டரிலேயே வட்டம் போட்டிருக்கிறது. தெருவில் இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொள்கிறார்கள். ஒரு ராத்திரி முழுக்க சமையலறை இல்லை, 'அம்மா என் சாக்ஸ் எங்கே' இல்லை. பக்தி இல்லையா என்றால், இருக்கிறது, நிறைய. அந்தப் பக்திக்குள்ளேயே இந்த ஒரு ராத்திரியும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கிரிவலப் பாதையில் பௌர்ணமியன்று ஓர் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஐந்தாறு பெண்கள் கைகோத்துக்கொண்டு, ஏதோ சிரித்துக்கொண்டு, கரும்புச்சாறு குடித்துக்கொண்டு போவார்கள். அதே பெண்களை அவரவர் வீட்டில் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது.

தன் நாளைத் தானே தேர்ந்தெடுப்பதுதான் சுதந்திரம் என்று நாம் நினைக்கிறோம். நம்மைப் போன்றவர்களுக்கு அது சரி. நாளே கையில் இல்லாதவர்களுக்கு, யாரும் கேள்வி கேட்க முடியாதபடி ஊர் கூடி நிச்சயித்த ஒரு நாள்தான் சுதந்திரம். அம்மாவாசை, கிருத்திகை, திருவிழா, ஆடிப் பதினெட்டு எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு கொஞ்சம் இருக்கிறது. யார் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

மலிவுப் பயணம் என்று பேசிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்த மிகப் பிரபலமான பயணியை விட்டுவிடக் கூடாது.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வெங்கட்ராமன் என்ற பதினாறு வயதுப் பையன். அண்ணன் தன் காலேஜ் ஃபீஸ் கட்டச் சொல்லிக் கைகாட்டிய பணம் ஐந்து ரூபாய். பையன் வீட்டிலிருந்த பழைய அட்லஸைப் புரட்டி, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று கண்டுபிடிக்கிறான். மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போடுகிறான். மீதி இரண்டு ரூபாயை வைத்துவிட்டு, ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, தன்னைத் தேடிக் காசு செலவழிக்க வேண்டாம் என்று சீட்டெழுதி வைத்துவிட்டுக் கிளம்புகிறான். திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பதிமூன்று அணா. அட்லஸ் பழசு. அதற்குள் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகவே ரயில் பாதை வந்துவிட்டது. கட்டணப் பட்டியலை இன்னும் கொஞ்சம் கீழே பார்த்திருந்தால், நேராகத் திருவண்ணாமலைக்கே டிக்கெட் சரியாக மூன்று ரூபாய் என்று தெரிந்திருக்கும்.

தெரியாததால் என்ன ஆயிற்று? ரயிலில் ஒரு மௌல்வி சொல்லித்தான் விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று தெரிந்தது. மிச்சமிருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை. திருக்கோவிலூர்ப் பக்கம் கீழூரில் முத்துக்கிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். அன்று கோகுலாஷ்டமி. காதில் போட்டிருந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கினான். கடுக்கன் இருபது ரூபாய் பெறும் என்கிறார்கள். மீட்பதற்கான விலாசச் சீட்டைக் கொஞ்ச தூரம் போனதும் கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. மீதியிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்தான். ரிடர்ன் டிக்கெட்டுக்கு அவசியம் ஏற்படவில்லை. 1950 ஏப்ரல் 14ல் ரமண மகரிஷியாக மறையும் வரை அந்த மலையை விட்டு நகரவில்லை.

எந்த நாள் உகந்தது என்று அவர் பார்க்கவில்லை. கிளம்ப வேண்டும் என்று தோன்றிய அன்றே கிளம்பினார். பக்தர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது மூன்று ரூபாயோடு கணக்கை முடித்துவிடுவார்கள். நான் வணிகவியல் படித்தவன், செலவுக் கலத்தில் இன்னும் சில வரிகள் எழுதாமல் பேரேட்டை மூட மனம் வரவில்லை.

ஐந்தில் மூன்றை எடுத்தது சரியா என்று ஒரு கேள்வி உண்டு. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டு ரூபாயைத் திருப்பி வைத்து, எழுதியும் வைத்த பையனைத் திருடன் என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். பெரிய வரி வேறு. அவருடைய தாயார் அழகம்மாள். பையன் எங்கே போனான் என்றே ஏறக்குறைய இரண்டு வருடங்கள் தெரியாமல் இருந்தவர். 1898 கடைசியில் தேடிக் கண்டுபிடித்து வந்து, பவழக்குன்றில் நாள்கணக்கில் கெஞ்சினார். பிள்ளை பேசவில்லை, வருவதற்கில்லை என்ற பொருளில் எழுதிக் காட்டினார். தாயார் திரும்பிப் போனார். பிறகு 1916ல் மகனோடேயே வந்து தங்கி, 1922 மே 19ல் மகன் பக்கத்தில் இருக்க உயிர் விட்டார் என்பதும், அவருடைய சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் எழுந்தது என்பதும் மனதுக்கு ஆறுதலான பகுதி. ஆனால் நடுவில் இருந்த அந்த வருடங்களின் செலவு மூன்று ரூபாயில் அடங்காது. அதைக் கட்டியவர் அவர்.

இதனால் வெங்கட்ராமன் போயிருக்கக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். போயிருக்காவிட்டால் உலகத்துக்கு நஷ்டம். நான் சொல்ல வருவது, மலிவாக ஒரு பயணம் போய்வந்தேன் என்று யார் சொன்னாலும் வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. இன்னொன்றும் தோன்றுகிறது. அதே 1896ல் அதே பதினாறு வயதில் ஒரு பெண், மூன்று ரூபாயோடு மதுரையில் ரயில் ஏறியிருந்தால்? மௌல்வி வழி சொல்லியிருப்பாரா, அடுத்த ஸ்டேஷனில் இறக்கி வீட்டுக்கு அனுப்பி வைத்திருப்பாரா? தோன்றிய அன்றே கிளம்புவதும் எல்லோருக்கும் கொடுத்து வைத்த விஷயம் இல்லை.

சரி, மலிவில் இன்னொரு வகை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் அறுகம்குடாவை முதலில் இழுத்தேன்.

2022ல் இலங்கை திவாலானது. மார்ச்சுக்கு முன்பு ஒரு டாலருக்கு இருநூறு இலங்கை ரூபாய், மே மாதத்தில் முந்நூற்று அறுபது வாக்கில். அங்கே பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. படகுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் மீனவர்கள் கரையில். மருந்து இல்லை, பால் பவுடர் இல்லை. சரியாக அதே மாதங்கள்தான் அறுகம்குடாவில் அலைக்கு சீசன். டாலர் வைத்திருந்தவனுக்கு இலங்கை அவ்வளவு மலிவாக முன்பு எப்போதும் இருந்ததில்லை. எப்போது போனால் மலிவு என்று நம் பெங்களூர் தம்பி கேட்கிற கேள்விக்கு, வெறும் கணக்குப்படி, அன்றைக்கு மிகச் சரியான விடை: இப்போதே.

போகலாமா? எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபமா? அல்லது டாலர் இல்லாமல் தவிக்கிற நாட்டுக்கு டாலர் கொண்டுபோவது உதவியா? இரண்டு பக்கமும் நிஜமாகவே வாதம் இருக்கிறது. போகாமல் இருந்தால் மனசு சுத்தமாக இருக்கும், அங்கே விடுதி வைத்திருப்பவரின் அடுப்பு எரியாது.

திருவண்ணாமலைக்கும் இதே கேள்வி வந்தது, இரண்டு வருடம் கழித்து. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1 சாயங்காலம், கொட்டிய மழையில் மலை சரிந்தது. அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். ஏழில் ஐந்து குழந்தைகள். காசு உள்ளவர்கள் மலையின் தரிசனம் ஜன்னலில் கிடைக்கிற மாதிரி, சரிவு இல்லாத பக்கம் பார்த்து மனை வாங்குவார்கள். மலையின் மேலேயே ஏறிப்போய் வீடு கட்டுகிறவர்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்திருக்காது. அவர்களுக்கும் அது மலிவான இடம்தான்.

பன்னிரண்டு நாள் கழித்து டிசம்பர் 13, கார்த்திகை தீபம். அந்த வருடம் பக்தர்களை மலை ஏற விடவில்லை. ஆனால் தீபம் ஏறியது, ஊர் கொள்ளாத கூட்டம் வந்தது. துக்கம் நடந்த ஊருக்கு விழாவுக்குப் போகலாமா என்று தயங்கியவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அதே சமயம், வருடம் முழுக்க அந்தப் பத்து நாளை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கெடுத்து வைத்திருக்கும் அகல் விளக்குக்காரர், பொரி உருண்டைக்காரர், பூக்காரம்மா எல்லோரும் அதே ஊர்தான். நீங்கள் துக்கம் கொண்டாடுவதற்காக வீட்டில் உட்கார்ந்தால் அவர்கள் இரண்டாவது தடவை நனைகிறார்கள்.

என் கட்சி இது. கஷ்டத்தில் இருக்கும் ஊருக்குப் போகலாம், போக வேண்டும். ஆனால் கஷ்டத்தால் இறங்கிய விலைக்குப் போகக் கூடாது. நல்ல காலத்தில் அந்த அறைக்கு, அந்தச் சாப்பாட்டுக்கு என்ன கொடுத்திருப்பீர்களோ அதைக் கொடுங்கள். அவர் குறைத்துச் சொன்னாலும் கொடுங்கள். 'அப்புறம் எதுக்கு சார் அங்கே போகணும், நல்ல காலத்திலேயே போகலாமே?' என்று கேட்பீர்களானால், நீங்கள் உதவிக்குப் போகவில்லை, தள்ளுபடிக்குப் போகிறீர்கள். அதுவும் குற்றமில்லை, பெயரை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளலாம்.

இதோடு சேர்த்து ஆட்டோக்காரர்கள் சார்பாக ஒரு வார்த்தை. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் ஆட்டோ ரேட் ஏறுகிறது, லாட்ஜ் வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிறது என்று ஆளாளுக்குப் புலம்புகிறார்கள். புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் தீபாவளிக்கு விமானக் கம்பெனி டிக்கெட்டை நாலு மடங்காக்கினால் அதற்கு 'டைனமிக் ப்ரைசிங்' என்று பெயர், எம்.பி.ஏ.வில் பாடமாக இருக்கிறது. ஆட்டோக்காரர் செய்தால் கொள்ளை. இரண்டையும் கொள்ளை என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் பாடமாக வையுங்கள்.

பௌர்ணமியின் மலிவுக்கும் மீதிக் காசு கட்டுகிறவர்கள் உண்டு, அதை மறைத்துவிட்டு மேலே அவ்வளவு புகழ்ந்தது நியாயமாகாது. கிரிவலப் பாதையில் குடியிருப்பவர் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் தடுப்புக் கட்டைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். விடிந்ததும் பதினான்கு கிலோமீட்டருக்கும் தொன்னை, பிளாஸ்டிக் டம்ளர், வாழையிலை, மிச்சச் சோறு. நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிற நேரத்தில் துப்புரவுப் பணியாளர்கள் துடைப்பத்தோடு இறங்குகிறார்கள். 2024ல் ஊர் மாநகராட்சியாகிவிட்டது. குப்பையைக் கையால்தான் அள்ளுகிறார்கள். அவர்களுக்குப் பௌர்ணமி என்றால் லீவு கேட்கக் கூடாத நாள். கையில் வாங்கிய தொன்னையைத் தொட்டி வரும்வரை சுமந்துகொண்டு நடப்பது பெரிய தியாகமில்லை, சுண்டலை அவ்வளவு தூரம் சுமந்த வயிறு தொன்னையையும் கை சுமக்க அனுமதிக்கும்.

பெரியவருக்குப் பதில் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஐயா, உங்களுக்கு எல்லாக் கிழமையும் சொந்தம். பௌர்ணமியை விட்டுவிடுங்கள். கூட்டத்தைத் திட்டாமல் விட்டுவிடுங்கள். மார்கழி, தை மாதத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து ரமணாசிரமத்தைச் சுற்றி அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை அதிகம். சித்திரையில் அறை கிடைக்கும், பாறை சுடும். ஆவணி, புரட்டாசியில் ஏதாவது ஒரு வாரநாள் பாருங்கள். விடிகாலை மூன்றரைக்கு நடக்க ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம். ஆசிரமத்தில் தங்கக் கட்டணம் கேட்பதில்லை, முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். இலவசம் என்பதற்காக அங்கே தங்க வேண்டாம், திரும்பும்போது மனசாரக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் மனைவியிடமும் எந்த நாள் தோது என்று கேளுங்கள். அவர் வரவில்லை என்று சொன்னால் ஏன் என்றும் கேளுங்கள். முழங்கால் வலியா, உங்களோடு வருவதில் விருப்பமில்லையா, அல்லது தெருப் பெண்களோடு போக ஆசையா?

அப்புறம், உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா மாதாமாதம் பௌர்ணமிக்கு மறுநாள் வருவதில்லை என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி அலுத்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று காலண்டரில் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பாத்திரம் குறைவாக விழுகிற மாதிரி ஏதாவது சமைத்தால் தேய்க்க உங்களுக்கும் சுலபம். சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.